துக்கத்தின் நடுவே எண்ணிக்கை கேட்ட மாணவன்

கேள்வி: நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. எங்கள் நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்த ஒரு துயர நிகழ்வின் நினைவுநாளை ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் மௌன அஞ்சலியோடு அனுசரிக்கிறோம். சென்ற ஆண்டு அஞ்சலி முடிந்து வகுப்புக்குள் வந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "இதைவிட அதிகம் பேர் சாலை விபத்தில் சாகிறார்களே டீச்சர், அவர்களுக்கு ஏன் மௌனம் இல்லை?" என்று கேட்டான். அந்த நிகழ்வில் தாய்மாமனைப் பறிகொடுத்த மாணவி ஒருத்தி அதே வகுப்பில் இருக்கிறாள். அவள் அழுதுவிட்டாள். நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். அன்றிலிருந்து மனது உறுத்துகிறது. அவன் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு நினைவுநாளில் நான்தான் பேச வேண்டும். ஒரு பெருந்துயரத்தை வரலாற்றில் வைத்துப் பார்ப்பது இறந்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாகுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. ஒரு துயரத்தை வரலாற்றில் வைத்துப் பார்க்காமல் விட்டால்தான், நாளாக ஆக அது வெறும் சடங்காகத் தேய்ந்துபோகும். ஆனால் அந்த மாணவியின் கண்ணீருக்கும் நியாயம் உண்டு. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் உங்கள் பேச்சு சரியாக அமையாது.

அவளிடமிருந்தே தொடங்குகிறேன். துக்கத்துக்குக் கணக்குத் தெரியாது. மாமா இல்லாத வீட்டில் வளரும் பிள்ளையிடம் "சாலையில் இதைவிட அதிகம் பேர் போகிறார்கள்" என்றால், "உன் மாமா போனது ஒன்றும் பெரிதில்லை" என்றுதான் அவள் காதில் விழும். சொன்னவன் அப்படி நினைத்தே இருக்க மாட்டான். இருந்தாலும் அப்படித்தான் விழும். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவிடத்தில் இரண்டு பெரிய நீர்த்தடாகங்களின் விளிம்பில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அகரவரிசைப்படி அல்ல. யார் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று குடும்பத்தாரிடம் கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள் வந்தன. அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தவர்கள், உடன்பிறந்தவர்கள், ஒரே தீயணைப்பு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் என்று பக்கம்பக்கமாக வைத்தார்கள். கருவுற்றிருந்த பெண்களின் பெயரோடு, பிறக்காத அவர்கள் குழந்தையையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒருவரின் பிறந்தநாள் வந்தால் அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகிவைக்கிறார்கள். இறந்தவர்கள் 2,977 பேர் என்ற எண்ணுக்கு அந்த விளிம்பில் வேலையே இல்லை.

அதே நிகழ்வில் எண்ணுக்கு வேலை இருந்த இடம் ஒன்று உண்டு. கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும், கடத்தியவர்கள் நீங்கலாக, இருந்தவர்கள் 246 பேர். அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் விமானத்தைத் தவிர்த்துக் காரில் நெடுந்தூரம் போகத் தொடங்கினார்கள். காரில் போவதுதான் விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. அடுத்த 12 மாதங்களில் இதனால் மட்டும் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்திருக்கிறார்கள் என்று கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கணக்கிட்டார். இவர்களுக்கு நினைவிடம் கிடையாது. சாலை விபத்தில் போன மற்றவர்களிடமிருந்து இவர்களைப் பிரித்து, இன்னார் இன்னார் என்று சொல்லவும் முடியாது. உங்கள் மாணவன் கேட்டது இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது. நவம்பர் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, 2005 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நினைவுநாள். இதை அவனிடம் சொல்லுங்கள். அவன் கேட்ட மௌனம் இருக்கிறது, நாம்தான் நிற்பதில்லை.

ஏன் நிற்பதில்லை என்பதற்கான பதிலை அந்த மௌன அஞ்சலியின் வரலாற்றிலேயே காட்டலாம். முதல் உலகப் போர் நின்று ஓராண்டு நிறைந்த 1919 நவம்பர் 11 அன்று, காலை 11 மணிக்கு, பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இருக்கிற வேலையை இருந்தபடியே நிறுத்தி இரண்டு நிமிடம் அமைதி காக்க வேண்டும் என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டார். போர்க்காலத்தில் கேப்டவுன் நகரம் கடைப்பிடித்த ஒரு வழக்கம் அதற்கு முன்மாதிரி. இன்று பள்ளியிலும் நாடாளுமன்றத்திலும் விளையாட்டரங்கிலும் நாம் எழுந்து நிற்பதெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

அந்தப் போரில் மாண்ட படைவீரர்கள் 90 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஆனால் அன்று அந்த இரண்டு நிமிடம் நின்றவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் வேறொரு சாவும் விழுந்திருந்தது. 1918 இலும் 1919 இலும் உலகைச் சுற்றிவந்த இன்ஃபுளுயன்சா காய்ச்சல் குறைத்துச் சொல்பவர்கள் கணக்கிலேயே 1.7 கோடிப் பேரைக் கொண்டுபோனது. 5 கோடி என்பவர்களும் உண்டு. இந்தியாவில் மட்டும் 1.2 கோடிக்கு மேல் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. இன்றைய இந்திய எல்லைக்குள் வாழ்ந்த மக்கள்தொகை 1911 இல் 25.2 கோடி, 1921 இல் 25.1 கோடி. இருபதாம் நூற்றாண்டின் கணக்கெடுப்புகளில் அந்தப் பத்தாண்டில் மட்டும்தான் தலைக்கணக்கு குறைந்திருக்கிறது. நாட்டின் கணக்கேட்டிலேயே பள்ளம் விழுந்த அளவுக்குச் சாவு. அதற்கு ஒரு தேதி இல்லை, இரண்டு நிமிடம் இல்லை.

ஏன்? போர்க்களத்தில் செத்தவனின் சாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடன் அரசுக்கு இருந்தது. மகனை அனுப்பிவைத்த தாய் 'எதற்காக?' என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குக் கல்லில் பெயரும், பூமாலையும், மௌனமும் பதிலாக வந்தன. காய்ச்சலில் செத்தவள் வீட்டுக்குள், பாயில் கிடந்து செத்தாள். எதிரி இல்லை. நோய்க்குக் காரணமான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933 இல்தான். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடும்பங்கள் தங்களுக்குள் அழுது முடித்துக்கொண்டன. 2020 இல் கோவிட் வந்தபோது முகக்கவசமும் பள்ளி மூடலும் இதுவரை உலகம் காணாதவை என்பதுபோலப் பேசினோமே, அவை இரண்டும் 1918 இலேயே பல நகரங்களில் நடந்தவை. நூறாண்டுக்குள் அந்த அறிவு மக்கள் நினைவிலிருந்து போய்விட்டது. நினைக்கப்படாத சாவுக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

ஆக, ஒரு துயரம் தேசத்தின் நினைவில் நிற்பதற்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பது முதல் காரணமே இல்லை. அது ஒரே நாளில், ஓர் இடத்தில் நடந்திருக்க வேண்டும். குற்றவாளி என்று சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். அதை நினைவில் வைத்திருப்பதால் யாருக்காவது பயனும் வேண்டும். 1912 இல் மூழ்கிய டைட்டானிக்கில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். 1987 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்த டோன்யா பாஸ் பயணிகள் கப்பலில் 4,000 பேருக்கு மேல். இரண்டாவது பெயரை உங்கள் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

எண்ணிக்கையை வைத்து வாதாடும் முன் மாணவர்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று, எண்ணியவர் யார் என்பது. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலாபாகில் சுமார் பத்து நிமிடம் சுட்டார்கள், 1,650 தோட்டாக்கள். இறந்தவர்கள் 379 பேர் என்றது அரசு அமைத்த ஹண்டர் குழு. காங்கிரஸ் நடத்திய விசாரணையோ ஏறத்தாழ ஆயிரம் என்றது. 1943 வங்கப் பஞ்சத்திலும் இதே கதைதான். அரசின் விசாரணை ஆணையம் 15 லட்சம் என்று எழுதியது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் என்கிறார்கள். இடைவெளியில் நிற்பவை 15 லட்சம் உயிர்கள். அந்த வித்தியாசத்தை வெறும் கணக்குப் பிழையாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எண்ணப்படாமலேயே போனவர்கள். ஜாலியன்வாலாபாகின் சுவரில் குண்டு பாய்ந்த தடங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். பஞ்சத்துக்குச் சுவர் இல்லை, நாடே நினைக்கும் ஒரு தேதியும் இல்லை. ஒரே ஆட்சியின் கீழ், 24 ஆண்டு இடைவெளியில் நடந்தவை இவை. இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் ஜாலியன்வாலாபாக் சிறிதாவதில்லை. துப்பாக்கியால் கொன்றதும் புறக்கணிப்பால் கொன்றதும் ஒரே ஆட்சிமுறையின் இரண்டு கைகள் என்பது அப்போதுதான் புலப்படுகிறது.

ஒப்பிடலாம் என்கிறேன். ஆனால் எந்தத் திசையில் என்பதுதான் முக்கியம். கண்ணெதிரே இருக்கும் இழப்பை அமுக்குவதற்கு வேறொரு பெரிய எண்ணைக் கொண்டுவருவது ஒரு திசை. அதைப் பள்ளியில் அனுமதிக்காதீர்கள், அரசியல் மேடைகளிலும் விவாதங்களிலும் "அப்போது எங்கே போனீர்கள்?" என்று அது தினமும் கேட்கிறது. தன் இழப்பிலிருந்து புறப்பட்டு அடுத்தவர் இழப்புக்குப் போய்ச் சேருவது மறு திசை. அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் அங்கே சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1847 இல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினர் தங்களுக்குள் பணம் திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்த மக்களே சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழிநெடுகச் செத்து, இருபது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அயர்லாந்து அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் எஃகு இறகுகள் வட்டமாக நிற்கும் ஒரு சிற்பம் சோக்டா மக்களுக்கு நன்றியாக எழுந்தது. 2020 இல் அமெரிக்காவின் வேறு பழங்குடியினரான நவஹோ, ஹோப்பி மக்கள் கோவிடால் தவித்தபோது அயர்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் நன்கொடை அனுப்பினார்கள். தங்கள் பஞ்சத்தை அவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

நினைவு விஷமாகும் கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1389 ஜூனில் ஒட்டோமான் துருக்கியரோடு நடந்த கொசோவோ போரைச் செர்பியர்கள் தங்கள் தேசத்தின் பெருந்துயரமாகப் போற்றி வந்தார்கள். 600 ஆண்டு கழித்து, அதன் நினைவுநாளான 1989 ஜூன் 28 அன்று, அதே களத்தில் பெருங்கூட்டத்தின் முன் நின்று செர்பியத் தலைவர் ஸ்லோபோதான் மிலோசெவிச் பேசினார். மீண்டும் போர்கள் வரலாம் என்ற தொனி அந்தப் பேச்சில் இருந்தது. இரண்டே ஆண்டில் யூகோஸ்லாவியா போரில் சிதறியது. பழைய துயரத்தை ஏதோ நேற்று நடந்ததுபோல, நடுவிலிருந்த 600 ஆண்டையும் துடைத்துவிட்டு, எதிரே இருந்த அண்டைவீட்டுக்காரன்மீது திருப்பினால் இதுதான் நடக்கும். காலத்தின் தொலைவை உணர்த்துவது வரலாற்று ஆசிரியரின் வேலை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இது ஒரு காரணம்.

யாருடைய துக்கம் அஞ்சலிக்குள் வருகிறது என்பதும் காலத்தோடு மாறக்கூடியதுதான். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 குண்டுவீச்சில், அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். அவர்களில் கொரியர்கள் பல்லாயிரம் பேர். ஜப்பானிய ஆட்சி வேலைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களுள் உண்டு. 1970 இல் அந்தக் கொரியர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. பூங்காவுக்குள் வர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் நினைவுநாளிலும் பெயர் சொல்லப்படாதவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்: பட்டியலில் சேராத கூலித்தொழிலாளி, வேற்று மொழிக்காரர், மருத்துவமனையில் மாதங்கள் கழித்து இறந்தவர்.

இனி உங்கள் பேச்சுக்கு வருவோம். கண்ணீர் வரவழைக்கும் பேச்சு வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொண்டு போக ஏதாவது இருக்கட்டும். இந்தோனேசியாவில் சிமெலூ என்ற தீவு இருக்கிறது. 1907 இல் ஆழிப்பேரலை அங்கே பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கியது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதற்கும் நிற்காமல் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையம் அந்தத் தீவுக்கு அருகில்தான். எச்சரிக்கைக் கருவி ஏதும் கிடையாது. அலை வர நிமிடங்களே இருந்தன. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். பக்கத்து ஆச்சே கரையில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஜப்பானின் அனேயோஷி என்ற சிற்றூரிலும் ஏறத்தாழ இதேதான், ஆனால் அவர்கள் இரண்டு முறை அடிபட்டுக் கற்றார்கள். 1896 ஆழிப்பேரலையில் ஊரே அழிந்து இரண்டு பேர் பிழைத்தார்கள். மீன்பிடிக்க வசதி என்று மறுபடி கீழேயே வீடு கட்டினார்கள். 1933 இல் மீண்டும் வந்தது. நான்கு பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று செதுக்கிய கல்லை மலைச்சரிவில் நட்டார்கள். 2011 மார்ச் 11 அலை அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. ஊரில் ஒரு வீடும் போகவில்லை.

உங்கள் நிகழ்வுக்கு அப்படி ஒரு கல் உண்டா என்று தேடுங்கள். பெரும்பாலும் விசாரணை ஆணைய அறிக்கை என்ற பெயரில் அது எங்கோ தூசி படிந்து கிடக்கும். அதன் பரிந்துரைகளை எடுத்து, எது நிறைவேறியது, எது காகிதத்தோடு நின்றது என்று சொல்லுங்கள். சட்டம் எழுதுவது மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்த பிறகு, 1880 ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து இந்தியாவில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. எப்போது நிவாரணம் தொடங்க வேண்டும் என்பது அவற்றில் தெளிவாக இருந்தது. 1943 இல் வங்காள அரசு பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் அந்த விதிகளின்படி நடந்தாக வேண்டியிருந்திருக்கும்.

பேச்சு பத்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். உடல்கள் கிடக்கும் படங்களைத் திரையில் காட்ட வேண்டாம். அவை பிள்ளைகளுக்கு எதையும் விளக்காது, அந்த மாணவியின் வீட்டாருக்கோ அது அவர்கள் வீட்டுப் பிணம். முதலில் மௌனம், பிறகு பெயர்கள். கேள்விகளை மறுநாள் வரலாற்று வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். அந்த ஓர் இரவு இடைவெளி துக்கத்துக்கும் ஆராய்ச்சிக்கும் தனித்தனி இடம் கொடுக்கும்.

மாணவனைத் தனியே கூப்பிட்டு, கேள்வி நல்ல கேள்வி என்று சொல்லிவிடுங்கள். அதட்டியதற்கான காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்: பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். அத்தோடு விடாமல் ஒரு வேலையும் கொடுங்கள். சென்ற ஓராண்டில் உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள சாலைகளில் எத்தனை பேர் இறந்தார்கள், எந்தத் திருப்பத்தில், எந்த நேரத்தில் என்று பழைய செய்தித்தாள்களிலும் காவல்துறைத் தகவல்களிலும் தேடி எடுக்கட்டும். நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கு அடுத்த நாள் காலை வணக்கத்தில் அவனே அதை வாசிக்கட்டும்.

அந்த மாணவியிடமும் அவள் வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அன்று அவள் கூட்டத்தில் நிற்க விரும்புகிறாளா, வீட்டில் இருக்க விரும்புகிறாளா என்பது அவள் முடிவு. மாமாவின் பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். சொல்லலாம் என்றால், அவர் எப்படி இறந்தார் என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை பார்த்தார், எதில் கெட்டிக்காரர் என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேச்சை எழுதி முடித்ததும் அந்தப் பகுதியை அவளுக்கு ஒருமுறை படித்துக்காட்டுங்கள். ஏதாவது ஒரு வரி வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.